ஊட்டுல போட்ட படம்

ஏற்காட்டில் பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை இருந்தது. குடை, கம்பளிக் குல்லாய், டார்ச் லைட், பள்ளிக்கூட நோட்டு, பேனா எல்லாம் கலந்து விற்போம். என் தகப்பனார், அத்தா, சேலத்திலிருந்து மலையேறி வந்து ஆரம்பித்த கடை. அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு நான் பார்த்துக்கொண்டேன். கடைக்குப் பின்பக்கமே வீடு. அத்தா, நான், என் மனைவி, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த எங்கள் மகள். அம்மா முன்பே காலமாகிவிட்டார். படம் போடுவதற்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.

எனக்கு அந்த ஆசை முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. சுதந்திரம் கிடைத்து வெகுகாலம் ஆன பிறகும் மலையிலேயே இருந்த துரை ஒருவர், தோட்டத்தை விற்றுவிட்டுச் சொந்த நாட்டுக்குப் புறப்பட்டார். பங்களாச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்றார்கள். பொட்டலம் மடிக்க ஆகுமே என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய புத்தகங்களை வாங்கி வந்தேன். கிழிப்பதற்காக ஒவ்வொன்றாக எடுத்தபோது, ஒரு கனமான புத்தகத்தில் வண்ணப் படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தின் மேலும் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தாள். அதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அன்றைக்கு மேற்கொண்டு எதையும் கிழிக்கவில்லை.

தக்காணத்தை ஆண்ட சுல்தான் ஒருவரின் படம் அது. பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். ஒரு கை தரையில் ஊன்றிய வாளின் மேல் இருக்கிறது, மறு கையில் ஒரு பூ. கொஞ்சம் தொந்தி. கண்ணில் ஒரு களைப்பு. கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை மல்லுத்துணி அங்கி. அந்தத் துணிக்குள்ளிருந்து சிவப்புக் கால்சட்டை மங்கலாகத் தெரிகிறது. இதை ஒரு மனிதன் கையால் போட்டிருக்கிறானே, எப்படிப் போட்டான் என்ற கேள்வி என்னை விடவில்லை.

அடுத்த முறை சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போனபோது ஒரு வாட்டர்கலர் பெட்டியும் இரண்டு பிரஷ்களும் நல்ல கனமான தாளும் வாங்கி வந்தேன். கற்றுக்கொடுக்க மலையில் யாரும் இல்லை. அந்த சுல்தானையே பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகுவது என்று முடிவு செய்தேன். படத்தின் மேலிருந்த மெல்லிய தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கணக்கில் என் தாளிலும் கட்டம் போட்டு, கோடுகளை இறக்கினேன். அது ஓரளவு வந்துவிட்டது. கலர் போட ஆரம்பித்ததும்தான் நான் எவ்வளவு அறியாதவன் என்று தெரிந்தது.

தண்ணீரில் கரையும் கலர் சொன்ன பேச்சைக் கேட்காது. ஓரிடத்தில் வைத்தால் பக்கத்தில் ஓடும். ஓடாமல் இருக்கத் தண்ணீரைக் குறைத்தால் வறண்டு கோடு கோடாக நிற்கும். தப்பைத் திருத்தப் போனால் தாள் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து வரும். போதாததற்கு ஏற்காட்டு மூடுபனி. மழைக்காலத்தில் காலையில் வைத்த கலர் மத்தியானம்கூடக் காய்வதில்லை. நான் அவசரக்காரன். கரி அடுப்புக்கு மேலே தாளைக் காட்டிக் காயவைப்பேன், அது சுருண்டுவிடும். முகத்துக்கு வைத்த கலரும் தாடிக்கு வைத்த கறுப்பும் கலந்து, சுல்தான் கரிமூட்டையைக் கட்டிக்கொண்டவர் போல நிற்பார்.

அத்தா இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். உருவம் வரைவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வளர்ந்த மகனைக் கண்டிக்கும் வழக்கமும் அவரிடம் இல்லை. "தொழுகற ரூம்புல மட்டும் மாட்டிராதப்பா," என்று ஒருமுறை சொன்னார். அத்தோடு சரி.

எல்லாவற்றையும்விட என்னைத் தோற்கடித்தது அந்த அங்கிதான். பெட்டியிலிருந்த வெள்ளைக் கலரைக் குழைத்துக் குழைத்துப் பூசினேன். சுண்ணாம்படித்த சுவர் போல இருந்தது. ஆறாவதோ ஏழாவதோ தாளில் நான் அப்படிப் பூசிக்கொண்டிருந்தபோது, துவைத்த துணிகளைக் கொடியிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டு வந்த என் மனைவி என் பின்னால் நின்றாள்.

"ஏனுங்க, வெள்ளைய எதுக்குங்க போடறீங்க?"

"அங்கி வெள்ளைதானே?"

"தாளே வெள்ளையாத்தானுங்க இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தோளிலிருந்த என் சட்டையை எடுத்து விரித்து, ஒரு மடிப்பைக் காட்டினாள். "இங்க பாருங்க. மடிப்புலதான் இருட்டு. மத்ததெல்லாம் சும்மா கெடக்குது. அந்த இருட்ட மட்டும் போட்டுப்போட்டு, மிச்சத்தத் தொடாம உட்டுருங்க. நனைஞ்ச மல்லுத்துணிய நாந்தான் தெனமும் பாக்கறேனுங்களே."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எட்டாவது வரை படித்தவள் அவள். சேலத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். இந்த ஊரில் அவளுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் துணி காயாததுதான். அதனால் ஈரத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. புறங்கையைத் துணிமேல் வைத்துப் பார்ப்பாள். கொஞ்சம் சில்லென்றிருந்தாலும் இன்னும் ஈரம் என்பாள். என் தாளையும் அப்படித்தான் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சில்லென்றிருக்கும்போது அடுத்த கலர் வைத்தால் பஞ்சு போல விரியும், சில்லிப்புப் போன பிறகு வைத்தால் ஓரம் கத்தரித்தது போல நிற்கும். கன்னத்துக்கு முதல் வகை வேண்டும், வாளுக்கு இரண்டாவது. இதை நான் கண்டுபிடித்ததாகப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் சரக்கு எடுக்கச் சேலம் போயிருந்தேன். திரும்பி வரும்போது பெரிய மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள் அடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் கிடந்தேன். நான்காம் நாள் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் லாரியிலும் வந்து சேர்ந்தேன்.

கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குள் ஜன்னலோரம் என் பலகையில் ஒரு படம் சாய்த்து வைத்திருந்தது. சுல்தான் நின்றிருந்தார். அங்கியில் வெள்ளைக் கலரே இல்லை. மடிப்புகளில் மட்டும் வெளிறிய நீலச் சாம்பல் ஓடியிருந்தது, அடியில் கால்சட்டையின் சிவப்பு துணிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. முகத்தில் அந்தக் களைப்பு அப்படியே இருந்தது. வாள் பிடித்த கை மட்டும் கொஞ்சம் பெரிது. அந்தக் கை அசல் படத்தில் இருப்பது போல இல்லை. ஏதோ வேலை செய்து பழகிய கை போல இருந்தது.

அவள் அடுப்படி வாசலில் நின்றாள். முகத்தில் பயம்.

"மழையில வேல ஒண்ணுமில்லீங்க. புள்ளயும் மாமாகூட வெளையாடிட்டு இருந்துச்சு. ஒரு நல்ல தாளு வீணாப் போச்சுதுன்னு வையாதீங்க."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகளைப் பின்னால் எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது, "பரவாயில்லயே," என்பது மட்டும். ஈரக் குடையை மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எனக்கு உண்மையில் கோபம் வந்திருந்தது. எட்டு மாதம் நான் முட்டி மோதிய இடத்தில் அவள் மூன்று நாளில் நடந்துபோய்விட்டாள்.

அதன் பிறகு மூன்று, நான்கு முறை அதே படத்தைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் அவளுடையதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவள் படத்தைக் கடையில் என் இருக்கைக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினேன். அவளைப் பெருமைப்படுத்துவதாகத்தான் அப்போது நினைத்தேன்.

மே மாதம் மலர்க் கண்காட்சி வரும். அதற்குள் ஒரு பந்தலில் உள்ளூர்க்காரர்களின் கைவேலை, ஓவியம் எல்லாம் வைப்பார்கள். பந்தலைப் பார்த்துக்கொண்டவர் ஒருநாள் குண்டூசி வாங்கக் கடைக்கு வந்தார். படத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது எங்க வாங்குனதுங்க?"

"வாங்கலீங்க. ஊட்டுல போட்டது," என்றேன்.

எங்கள் பக்கத்தில் 'ஊட்டுல' என்றால் வீட்டில் என்றும் ஆகும், மனைவி என்றும் ஆகும். 'ஊட்டுல கோயமுத்தூர் போயிருக்காங்க' என்றால் மனைவி போயிருக்கிறாள் என்று அர்த்தம். நான் அன்று எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று கேட்டால், சத்தியமாக, வாயைத் திறந்தபோது மனைவி என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். ஆனால் அவர், "அடேயப்பா, கடையையும் பாத்துக்கிட்டு ஊட்டுல உக்காந்து இதும் போடறீங்களா," என்றபோது நான் திருத்தவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். 'நானில்லீங்க' என்று. அவர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார். நான் படத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

பெண்பிள்ளை பெயரைப் போட்டால் ஊரில் பேச்சு வரும், அதுவும் எங்கள் வீட்டுப் பெண் உருவப்படம் போட்டாள் என்றால் இன்னும் பேச்சு வரும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அன்று சாப்பிடும்போது அத்தா சுவரில் படம் இல்லாததைப் பற்றிக் கேட்டார். மழை பெய்த மூன்று நாளும் அவர் வீட்டில்தான் இருந்தார். அதைப் போட்டது யாரென்று அவருக்குத் தெரியும்.

"கண்காட்சிக்குக் கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"யாரு போட்டதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஊட்டுல போட்டதுன்னு சொன்னேன்."

"அப்பச் சரி," என்று அவர் மேற்கொண்டு சாப்பிட்டார். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது. மூட்டுவலியால் அவர் கண்காட்சிக்கு வரவில்லை. மகன் மனைவிக்கு உரியதை மனைவிக்குக் கொடுத்தான் என்ற நம்பிக்கையோடுதான் அவர் கடைசி வரை இருந்தார்.

கண்காட்சி அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் வந்தாள். படத்துக்குக் கீழே ஒரு அட்டையில் தமிழில் என் பெயர் எழுதியிருந்தது. அவள் நின்று அதைப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை அவள், வேகமாகவே படிப்பாள். ஆனாலும் அந்த அட்டையை வெகுநேரம் படித்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் பரிசு முடிவு செய்ய வந்திருந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். வயதானவர், மரியாதையான மனிதர். "இந்த மல்லுத்துணிய எப்படிங்க கொண்டுவந்தீங்க? எங்க பசங்களுக்கு எத்தனை சொன்னாலும் வர மாட்டேங்குது," என்றார்.

அவள் இரண்டு அடி தூரத்தில் நின்றாள்.

"வெள்ளையே போடக்கூடாதுங்க," என்றேன். "தாளே வெள்ளைதானுங்களே. மடிப்புல இருக்கற இருட்ட மட்டும் போட்டுட்டு மிச்சத்தத் தொடாம விட்ரணும்."

"ஆஹா," என்றார் அவர்.

என் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குழந்தைக்கு ரோஜாப் பூக்களைக் காட்டப் போய்விட்டாள். எனக்கு முதல் பரிசு என்று ஒரு கோப்பை கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "நல்லாத்தானுங்க இருக்குது," என்று அவள் கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அதிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியிருக்கும்.

இரண்டாவது தவறு அதற்கு அடுத்த வாரம். கண்காட்சி முடிந்து படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தேன். வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த முதலாளி ஒருவர் கண்காட்சியில் படத்தைப் பார்த்திருந்தார். கடைக்கு ஜீப்பில் வந்து, அந்தப் படம் தன் பங்களா ஹாலில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அவ்வளவு பெரிய மனிதர் என் கடைக்குள் வந்து கேட்கிறார். "எடுத்துட்டுப் போங்க, அதுக்கென்னங்க," என்று காகிதம் சுற்றிக் கொடுத்தேன். உள்ளே போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மத்தியானம் டீ கொண்டுவந்தவள் சுவரைப் பார்த்தாள்.

"படமெங்கீங்க?"

சொன்னேன்.

"போச்சா," என்றாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அவள் பிரஷைத் தொடவில்லை. நானாகச் சில தடவை சொல்லிப் பார்த்தேன். புதுத் தாள் வாங்கி வந்து கண்ணில் படும்படி வைத்தேன். "எனக்கெதுக்குங்க, ஊட்டுல நொம்ப வேல கெடக்குது," என்பாள். என்னையும் அந்தப் படம் சும்மா விடவில்லை. ஊரில் எனக்குப் படக்கார பாய் என்று பெயர் வந்துவிட்டது. வாழவந்தியிலிருந்து ஆரஞ்சுக் கூடையோடு வருகிற விவசாயிகூட, "படக்கார பாய், நம்ம தோட்டத்த ஒண்ணு போட்டுக் குடுங்க," என்பார். பள்ளிக்கூட விழாவுக்குப் படம் கேட்டு வருவார்கள். கண் சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். நாலைந்து வருஷத்தில் கலர் பெட்டி காய்ந்து வெடித்தது. தூக்கிப் போட்டேன். பெயர் மட்டும் போகவில்லை. யாராவது அப்படிக் கூப்பிடும்போது அவள் கடையில் இருந்தால், நான் கீழே குனிந்து எதையாவது தேடுவது போல இருப்பேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. அத்தா போய்விட்டார். மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தோம். என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்து மலைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலையில், அவள் கொல்லையில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மஞ்சளெல்லாம் மஞ்சளாத் தெரியுதுங்க. இத்தன நாளு எல்லாமே டீத்தண்ணி மாதிரி இருந்துச்சு."

அவள் அப்படிச் சொன்னதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பந்தல்காரர் கேட்டது, நான் சொன்னது, திருத்தாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டாள்.

"தெரியுமுங்க. அட்டையப் படிச்சேன்ல."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம் என்னத்தக் கேக்கறது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தையை நாங்கள் இருவரும் வீட்டுக்குள் பேசிப் பழகியதில்லை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"பேரு போனாப் போகுதுங்க," என்றாள். "உங்க பேருன்னா என்ன, எம்பேருன்னா என்ன. படத்தக் குடுத்திருக்க வேண்டாம். அந்தக் கையி பெரிசாப் போயிருச்சு, பாத்தீங்களா? அத எப்படித் திருத்தறதுன்னு யோசிச்சுட்டே இருந்தேன். இன்னொருக்காப் பாத்தாத் தெரிஞ்சிருக்கும்."

"இப்பத் தாளு வாங்கியாரட்டுமா?"

"அதக் குடுக்கறதுக்கு முன்னாடிக் கேட்டிருந்தீங்கன்னா போட்டிருப்பேன்," என்றாள். "இப்ப வெரலு மடங்க மாட்டேங்குதுங்க."

முப்பது வருஷமாக அவள் அந்தப் பெயரட்டையை நினைத்து மருகுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ ஒரு கையைத் திருத்துவதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பின் இரண்டு வருஷம் இருந்தாள். படத்தை எப்படியாவது வாங்கி வந்து அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று வெள்ளக்கடைப் பக்கம் போனேன். முதலாளி காலமாகி, பிள்ளைகள் எஸ்டேட்டைப் பிரித்து விற்றிருந்தார்கள். பங்களா இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் லாட்ஜ். மேனேஜர் இளவயதுக்காரர், நன்றாகத்தான் பேசினார். பழைய சட்டம் போட்ட படங்கள் எல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தன, வெள்ளையடிக்கும்போது அகற்றிவிட்டார்கள் என்றார். எங்கே போட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் ஆள் இல்லை, பங்களா பூட்டியிருக்கிறது என்று சொன்னேன். அந்தப் படத்தைப் பற்றி அவளிடம் சொன்ன கடைசிப் பொய் அது.

அவள் போன பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். யாராவது படக்கார பாய் என்றால், "நானில்லீங்க, அந்தப் படம் எங்க ஊட்டுக்காரி போட்டது," என்பேன். ஒருவர்கூட நம்பவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். வாழவந்திக்காரர், "சம்சாரத்து மேல எத்தன பாசமுங்க உங்களுக்கு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவரிடமும் அதைச் சொல்லி வியந்தார். பொய் சொன்னபோது ஓவியன் என்றார்கள். உண்மையைச் சொன்னால் நல்ல கணவன் என்கிறார்கள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்பியது என் மகள் ஒருத்திதான். போனில்தான் சொன்னேன்.

"அம்மா படம் போடுவாங்களா? எனக்கு நாப்பது வயசாகுதுங்க அத்தா. ஒருநாளும் யாரும் எங்கிட்டச் சொன்னதில்லையே."

"ஒண்ணுதான் போட்டா, கண்ணு."

"ஒண்ணோட நிறுத்துனது யாரு?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள், அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பெருநாளுக்கு வந்தாள். எனக்குப் பிடித்தது எல்லாம் சமைத்துப் போட்டாள். அம்மாவைப் பற்றி நிறையப் பேசினோம். படத்தைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாள் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து கடையைத் திறந்தேன்.